திங்கட்கிழமை கடை திறக்கும்போது சுவிசேஷம் எங்கே இருக்கிறது?

பிப்ரவரி 18, 2024, ஞாயிறு (கேள்வி)

எனக்கு 26 வயது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. சின்ன வயதிலிருந்து கோயிலுக்குப் போகிறேன், வாலிபர் ஐக்கியத்திலும் இருக்கிறேன். இன்றைக்கு லெந்தின், அதாவது தவக்காலத்தின், முதல் ஞாயிறு. "உன் வாழ்க்கையை அவருக்குக் கொடு" என்று பிரசங்கம். கொடுக்க ஆசைதான். ஆனால் நாளைக்குக் காலை ஒன்பதரைக்கு நான் எக்செல் ஷீட் முன்னால்தான் உட்காரப் போகிறேன். பில் பதிவு, பேங்க் சரிபார்ப்பு, ஜிஎஸ்டி. இதில் அவருக்குக் கொடுக்க என்ன இருக்கிறது? வேலையை விட்டுவிட்டு வேதாகமக் கல்லூரிக்குப் போனால்தான் வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 18, இரவு (பதில்)

தம்பி, ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தால் இன்றைக்கு அனுப்பாதீர்கள்.

தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையோரம் ஒரு சின்ன ஊர் எனக்கு. மளிகைக் கடை, அப்பா காலத்துக் கடை. முப்பத்தோரு வருஷமாக நான் கல்லாவில் உட்காருகிறேன். நீங்கள் கேட்ட இதே கேள்வி இருபத்து நாலு வயதில் எனக்கும் இருந்தது. கூடப் படித்தவன் மிஷனரியாக ஒடிசாவுக்கு ரயில் ஏறினான். நான் உளுந்து நிறுத்துக்கொண்டிருந்தேன்.

"எதைச் செய்தாலும் அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்கிற கொலோசெயர் வசனம் பாதி வீட்டுக் காலண்டரில் தொங்குகிறது. அந்தப் பகுதியின் தொடக்கத்தைப் பாருங்கள். "வேலைக்காரரே" என்று ஆரம்பிக்கிறது. அன்றைக்கு அது அடிமைகளைக் குறித்த சொல். என்ன வேலை செய்வது என்று தேர்ந்தெடுக்கவே வழியில்லாதவர்களிடம் அந்த நிருபத்தை எழுதின பவுல் பேசுகிறார். உங்கள் எக்செல் ஷீட் அதற்குள் தாராளமாக அடங்கும். அவரே கொரிந்து பட்டணத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரம் பண்ணிப் பிழைத்தவர்.

சபைச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூத்தரும் சொல்லியிருக்கிறார்: செருப்புத் தைக்கிற கிறிஸ்தவன் செருப்பில் சிலுவை போடுவதால் தேவனுக்கு ஊழியம் செய்வதில்லை, நல்ல செருப்பாகத் தைப்பதால் செய்கிறான்.

பிப்ரவரி 19

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். காலையில் எங்கள் சேகரத்துப் போதகர், நாங்கள் ஐயர் என்போம், தேங்காய் எண்ணெய் வாங்க வந்தார். லூத்தரின் செருப்பு வாசகத்தை எழுதிவிட்டேன் என்று சொன்னேன். "அது லூத்தர் எழுத்தில் எங்கேயும் இல்லை அண்ணாச்சி. யாரோ அவர் பேரில் ஏற்றிவிட்டார்கள்" என்றார். எத்தனை கூட்டத்தில் அதைச் சொல்லியிருப்பேன்! இனிமேல் சொல்ல மாட்டேன், நீங்களும் விட்டுவிடுங்கள்.

1520-ல் அவர் உண்மையிலேயே எழுதியது வேறு, அதுதான் பெரியது என்று ஐயர் விளக்கினார். துறவியும் குருவும் செய்கிற எவ்வளவு பரிசுத்தமான வேலையாக இருந்தாலும், வயலில் பாடுபடுகிறவனின் வேலையைவிட, வீட்டுவேலை பார்க்கிற பெண்ணின் வேலையைவிட, தேவனுடைய பார்வையில் இம்மியும் உசத்தியில்லை. எல்லா வேலையும் அவருக்கு முன்னால் விசுவாசத்தைக் கொண்டுதான் அளக்கப்படும். இதுதான் சாரம். "அளக்கப்படும்" என்று அவர் சொன்னபோது என் கை எண்ணெய் அளவைக்குள் இருந்தது.

பிப்ரவரி 22

அளப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், அது எனக்குத் தெரிந்த விஷயம்.

எலக்ட்ரானிக் தராசில் டேர் என்று ஒரு பொத்தான் உண்டு. காலி டப்பாவை வைத்து அதை அழுத்தினால் பூஜ்யம் காட்டும். அப்புறம்தான் சாமானைப் போட வேண்டும். அழுத்தாமல் விட்டால் டப்பாவின் எடையும் சீரகத்தோடு சேர்ந்து விலையாகிவிடும். ஒரு தடவைக்கு இருபது கிராம், முப்பது கிராம். வாங்குகிறவருக்குத் தெரியாது. வேண்டுமென்று விட்டேனா, அவசரத்தில் மறந்தேனா என்பது பக்கத்தில் நிற்கிற வேலையாளுக்கும் தெரியாது. என் விரலுக்கு மட்டும் தெரியும்.

அப்பா காலத்தில் கைத்தராசும் படிக்கல்லும். திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் படிக்கற்களைப் பழைய வேட்டித் துணியால் துடைப்பார். தட்டைத் தூக்கி அடியில் தடவிப் பார்ப்பார். அடியில் புளி உருண்டை ஒட்டி எடையைக் கூட்டுவது அந்தக் காலத்துத் தந்திரம். அவர் ஒட்டுகிற ஆள் இல்லை. ஆனால் வேலைக்கு நின்ற பையன்கள் முதலாளிக்கு லாபம் காட்டலாம் என்று செய்துவிடுவார்கள் என்ற பயம். துடைக்கும்போது முணுமுணுப்பார்: "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." நீதிமொழிகள் 11:1. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை வைத்தாக வேண்டும். ஒவ்வொரு வருஷமும் முத்திரை ஆய்வாளர் முன்னால் நிற்கும்போது எனக்கு அந்த "சுமுத்திரை" காதில் விழும்.

ஆகவே தம்பி, திங்கட்கிழமை சுவிசேஷம் எங்கே என்றால், டேர் பொத்தானில்.

பிப்ரவரி 25

மூன்று நாளாக அந்தக் கடைசி வரி உறுத்திக்கொண்டிருக்கிறது. அது தப்பு, அல்லது பாதிதான் சரி.

என் கடைக்கு மூன்றாவது கடை காயல்பட்டினத்து பாய் ஒருவருடையது. அவர் நிறுத்தால் முள் ஒரு மயிரிழை வாங்குகிறவர் பக்கம் சாய்ந்தே இருக்கும். எதிர்த்த கடைக்காரர் ஒவ்வொரு வருஷமும் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர், பத்துப் பைசா ஏமாற்றியதாக யாரும் சொன்னதில்லை. நேர்மையான வியாபாரம்தான் சுவிசேஷம் என்றால் அவர்களுக்கும் எனக்கும் வித்தியாசமே இல்லை. அவர்கள் என்னைவிட ஒரு படி மேல். நான் உங்களுக்குச் சொன்னது நியாயப்பிரமாணம், அதாவது கட்டளை. நல்லதுதான், தேவைதான். ஆனால் சுவிசேஷம் என்றால் நற்செய்தி. "ஒழுங்காக நிறு" என்பது எப்படி நற்செய்தி ஆகும்?

இன்றைக்கு ஆராதனை முடிந்து வந்து சகேயுவை எடுத்து மறுபடி வாசித்தேன். லூக்கா 19. சகேயு வரி வசூலிக்கிற ஆயக்காரருக்குத் தலைவன், கள்ளக் கணக்கில் கொழுத்தவன். இயேசு மரத்தடியில் நின்று என்ன சொல்கிறார்? முதலில் திருப்பிக் கொடு, அப்புறம் வருகிறேன் என்றா? இல்லை. "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்." அவ்வளவுதான். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஊர் முழுக்க முறுமுறுக்கிறது. அதன்பிறகு சகேயு தானாகவே எழுந்து நின்று ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை என்கிறான். வீட்டுக்கு விருந்தாளி வந்த பிறகுதான் அவனுடைய தராசு நேராகிறது. இந்த வரிசையை நான் தலைகீழாக்கி உங்களிடம் கொடுத்துவிட்டேன். மன்னியுங்கள்.

பிப்ரவரி 27

சின்னக் குறிப்பு. உங்கள் வேலையில் சப்ளையர் பில்களைப் பதிந்து பணம் அனுப்பும் தேதியை எடுத்துக் கொடுப்பதும் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். அதைச் சாதாரணமாகச் சொல்லிக் கடந்துவிட்டீர்கள்.

இப்போது எல்லா ஆடிட்டர்களும் 45 நாள், 45 நாள் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். சிறு, குறு தொழில் செய்கிறவர்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-லேயே சட்டம் உண்டு. இப்போது வருமான வரியில் 43பி பிரிவில் அதற்குப் பல் முளைத்திருக்கிறது, இந்த நிதியாண்டிலிருந்தே கணக்கு. உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்று லேவியராகமம் 19-ல் இருக்கிறது, 45 நாள் கூட இல்லை, ஒரு ராத்திரி. உங்கள் டிரேயில் அடியில் கிடக்கிற ஒரு பில்லுக்குப் பின்னால் ஒரு லேத் பட்டறைக்காரர் சனிக்கிழமை சம்பளம் போட வழி தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அந்த பில்லை மேலே எடுத்து வைப்பது உங்கள் கையில் இருக்கிறது. முதலாளி மறுத்தால் அது வேறு விஷயம், ஆனால் எடுத்து வைத்து ஒரு தடவை கேட்கலாம் இல்லையா?

மார்ச் 2

இன்றைக்கு நீளமாக எழுதப் போகிறேன். நற்செய்தி என்றால் என்ன என்று எனக்குக் கடையில் புரிந்தது எப்போது என்று கேட்டீர்கள். டிசம்பரில். வெள்ளத்தில்.

டிசம்பர் 17-ம் தேதி பிடித்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் என்று பிறகு சொன்னார்கள். ஒரு வருஷ மழை ஒரு நாளில் கொட்டினால் ஆறு என்ன செய்யும்? ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் எண்ணூறு பேரோடு நின்றுவிட்டதும், பக்கத்து ஊர்க்காரர்கள் இருந்த அரிசியைப் பொங்கி அவர்களுக்குச் சாப்பாடு போட்டதும் நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். 18-ம் தேதி விடியற்காலம் எங்கள் தெருவில் தண்ணீர் நெஞ்சு உயரம். நாங்கள் மச்சில் இருந்தோம். மூன்றாம் நாள்தான் கடை ஷட்டரைத் தூக்க முடிந்தது.

அரிசிச் சிப்பங்கள் ஊதி வெடித்திருந்தன. அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. சீனி மூட்டைகள் இருந்த இடத்தில் வெறும் சாக்கு. மேல் தட்டுகளில் இருந்த சோப்பும் தீப்பெட்டியும் தப்பின. கல்லாவுக்குக் கீழே இழுப்பறையில் பற்று நோட்டு.

பற்று நோட்டு என்ன என்று நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஊரில் நூற்றிருபது வீடுகள் கடனுக்குச் சாமான் வாங்குகின்றன. வீட்டுக்கு ஒரு பக்கம். தேதி, சாமான், ரூபாய். கூலி வந்ததும், பீடிச் சம்பளம் வந்ததும், வாழைத்தார் போட்டதும் வந்து கட்டுவார்கள். அன்றைய தேதியில் ஏறக்குறைய மூன்று லட்சம் வெளியே நின்றது. கம்ப்யூட்டரில் போட்டு வை என்று மகன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

நோட்டைக் கையில் எடுத்தால் ஊறின ரொட்டி மாதிரி இருந்தது. கொடியில் துணி மாட்டுகிற கிளிப் போட்டு, பக்கம் பக்கமாகப் பிரித்துக் காய வைத்தாள் என் மனைவி. நான் எழுதுவது ஜெல் பேனாவில். அத்தனையும் கரைந்து பக்கம் முழுக்க வெளிர் நீலமாகப் படர்ந்துவிட்டது. நான் சாப்பிடப் போகும் நேரத்தில் அவள் கல்லாவில் உட்காருவாள், அவள் பால்பாயிண்ட் பேனாவில் எழுதுகிறவள், அந்த வரிகள் மட்டும் அப்படியே நின்றன. ஒரு பக்கத்தில் நீல மேகத்துக்கு நடுவில் "பெருங்காயம் சின்னது 1" என்று மட்டும் தெரிந்தது. யார் வீட்டுப் பக்கம் என்று தெரியவில்லை.

சரி, மூன்று லட்சம் போயிற்று என்று உட்கார்ந்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள். முதலில் வந்தது பீடி சுற்றுகிற ஒரு ஆச்சி, எழுபது வயதுக்கு மேல். வாசலில் சேறு, உள்ளே வராமல் நின்றே கேட்டாள். "நோட்டு நனைஞ்சு போச்சாமே அண்ணாச்சி. எனக்கு அறுநூத்தி நாப்பது நிக்கி. அதோட ரெண்டு தேங்கா வாங்குனேன், அதை நீ எழுதலை, நான் பாத்தேன். அதையும் சேத்துக்கோ."

பணம் பிறகு தந்தாள், அரசாங்கம் ரேஷன் கார்டுக்குக் கொடுத்த 6,000 ரூபாய் நிவாரணத்திலிருந்து. வேண்டாம் ஆச்சி, வீட்டைப் பாருங்கள் என்றேன். கோபம் வந்துவிட்டது அவளுக்கு. "கடனை வச்சிக்கிட்டு எப்படிப் படுக்க?" வாங்கிக்கொண்டேன். தேங்காய்க்கு விலை எவ்வளவு போடுவது என்று இரண்டு பேரும் சண்டை. அவள் 35 என்றாள், நான் 25 என்றேன். முப்பதில் முடிந்தது.

அவள் வேத வசனம் படிக்கத் தெரியாதவள், கோயிலுக்கும் வராதவள், இசக்கியம்மனைக் கும்பிடுகிறவள். எனக்கு அன்றைக்குக் கடவுள் அனுப்பின பிரசங்கி.

மார்ச் 3

எல்லோரும் கட்டிவிட்டார்களா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. பொங்கலுக்குள் ஏறக்குறைய இரண்டு லட்சம் திரும்பி வந்தது, அல்லது வருகிறோம் என்று சொல்லி எழுதச் சொன்னார்கள். சில பேர் குறைத்துச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளத்தில் மாடு போனவர்கள், வாழை போனவர்கள். அவர்களிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

ஒருவர் விஷயம் மட்டும் என்னால் முடியவில்லை. அவர் பக்கத்தில் பதினோராயிரம் நின்றது, நன்றாக ஞாபகம் இருக்கிறது, மகள் சடங்குக்கு வாங்கின சாமான். "நவம்பர்லயே முடிச்சாச்சே அண்ணாச்சி" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னார். எங்கள் சபைக்காரர். கோயிலில் எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால் உட்காருகிறவர்.

ராத்திரி குடும்ப ஜெபத்தில் பரமண்டல ஜெபத்தை மத்தேயுவில் இருக்கிறபடியே சொல்வோம். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்." டிசம்பரிலிருந்து அந்த வரி வரும்போது என் வாய் நின்றுவிடுகிறது. மனைவியும் மகனும் சொல்லி முடித்து அடுத்த வரிக்குப் போவார்கள், நான் அங்கே சேர்ந்துகொள்வேன். உங்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிற ஆள் இந்த நிலைமையில் இருக்கிறான் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

மார்ச் 10

நேற்றுக் கொலோசெயரை இன்னும் கொஞ்சம் முன்னால் புரட்டினேன். இரண்டாம் அதிகாரம் 14-ம் வசனம். "நமக்கு எதிரிடையாக" இருந்த "கையெழுத்தைக் குலைத்து", அதை எடுத்துச் சிலுவையின்மேல் ஆணியடித்தார் என்று வருகிறது. ஆயிரம் தடவை கேட்ட வசனம். ஐயரிடம் போய்க் கேட்டேன், கையெழுத்து என்றால் என்ன கையெழுத்து? கிரேக்கத்தில் அது கடன்பட்டவன் தன் கையால் எழுதிக் கொடுக்கிற கடன்சீட்டுக்கு உள்ள பெயராம். குலைப்பது என்பது துடைத்து அழிப்பது. அந்தக் காலத்து மை தண்ணீர் பட்டால் போய்விடும்.

ஐயர் வீட்டுத் திண்ணையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொடியில் கிளிப் போட்டுத் தொங்கின என் நோட்டுப் பக்கங்கள் கண்ணுக்கு முன்னால் நின்றன. கடையில் கட்டி முடித்த சிட்டைகளை ஒரு இரும்புக் கம்பியில் குத்தி வைப்போம், குத்தினால் அந்தக் கணக்கு தீர்ந்தது. அதுவும் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமும் நான் என்னைக் கடன் கொடுத்தவனாகவே நினைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். என் பேரிலும் ஒரு பக்கம் இருந்தது, அதில் எழுத்து கரைந்துபோய் இருக்கிறது.

பிலேமோனுக்கு எழுதின நிருபத்தில் பவுல் ஓடிப்போன அடிமை ஒநேசிமுக்காகப் பேசும்போது இதையே எங்கள் கடைப் பேச்சில் சொல்கிறார். உம்மிடத்தில் அவன் கடன்பட்டிருந்தால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்." எங்கள் கடையில் இது வாரம் ஒரு தடவையாவது நடக்கும். ஒரு பையன் காசு பற்றாமல் நிற்பான், பின்னால் நிற்கிற மாமா "என் கணக்குல எழுதும் அண்ணாச்சி" என்பார். நற்செய்தி என்ன என்று கேட்டீர்களே தம்பி, அந்தப் பையன் சாமானை வாங்கிக்கொண்டு ஓடுகிறானே, அவன் காதில் விழுந்தது.

மார்ச் 12

மேலே எழுதியதை வாசித்தவர் ஒருவர், அப்படியானால் பதினோராயிரத்தை மன்னித்துவிட வேண்டியதுதானே, மத்தேயு 18 உவமையில் ராஜா பதினாயிரம் தாலந்து மன்னித்துவிட்ட ஊழியக்காரன், உடன்வேலைக்காரனின் சின்னக் கடனைத்தானே மன்னிக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்.

சின்னக் கடன் என்று நானும் நினைத்ததுண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூறு வெள்ளிப்பணம். ஒரு பணம் ஒரு நாள் கூலி. அப்படியானால் நூறு நாள் கூலி. எங்கள் ஊரில் இன்றைக்கு அறுநூறு ரூபாய் கூலி என்று வைத்தாலும் அறுபதாயிரம். சின்னது இல்லை. பதினாயிரம் தாலந்து என்பது ஆறு கோடி நாள் கூலி, அதற்கு முன்னால்தான் இது சின்னது. மன்னிக்கிறவனுக்கு வலிக்காத மாதிரி இயேசு கதை சொல்லவில்லை. அறுபதாயிரம் ரூபாய் வலி இருக்கிறது என்று தெரிந்தே சொல்கிறார். இது எனக்கு ஒரு ஆறுதல்.

மார்ச் 17

பேச்சு கடனிலேயே நிற்கிறது. வேறு ஒன்றைச் சொல்கிறேன், இது நான் செய்த தப்பு.

என் கடையில் ஒரு பெண் பதினாலு வருஷமாக வேலை செய்கிறாள். காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு. பொட்டலம் கட்டுவது அவள் மாதிரி யாரும் கிடையாது. 2021-ல் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. வியாபாரிகள் கூட்டத்தில் சொன்னார்கள். ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். அவள் அன்றைக்கு உட்காரவில்லை, அடுத்த நாளும் உட்காரவில்லை. நான் கல்லாவில் இருக்கும்போது உட்கார அவளுக்குக் கூச்சம். மூன்றாம் நாள் நான் பின்கட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோது உட்கார்ந்து பாதத்தைக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். பாதம் வீங்கியிருந்தது.

பதினோரு வருஷம் அந்தக் கால்கள் என் கண் முன்னால் நின்றன. அத்தனை வருஷமும் பெரிய வியாழன் ஆராதனையில் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவின பகுதியை வாசிக்கக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஸ்டூல் வாங்கத் தோன்றவில்லை. சட்டம் வந்துதான் தோன்றியது.

மார்ச் 20

நான் முதல் நாள் ராஜினாமா செய்யாதே என்று சொன்னதைப் பிடித்துக்கொண்டு, முழுநேர ஊழியத்தைக் குறைத்துப் பேசுவதாக ஒருவர் வருத்தப்பட்டிருக்கிறார். அப்படி இல்லை. எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர் அசரியா. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியதில் முன் நின்றவர். 1912-ல் தோர்ணக்கல்லில் பேராயரானார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அவர் போகாமல் இருந்திருந்தால் தெலுங்கு நாட்டில் எத்தனை கிராமங்களுக்கு இழப்பு! 1910-ல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகள் முகத்துக்கு நேரே, உங்கள் தியாகத்தையெல்லாம் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டவர்.

ஆனால் அவரிடமே என் பக்கத்துக்கும் சாட்சி இருக்கிறது. தோர்ணக்கல்லில் ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையிலேயே கையை வைத்து, சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ என்று சொல்லச் செய்வார். சொன்னவர்களில் பெரும்பாலானவர்கள் கூலி வேலைக்காரர்கள். மறுநாளும் அதே வயலுக்குத்தான் போனார்கள்.

இன்னொன்று. மிஷனரியை அனுப்பினது யார்? எங்கள் அம்மா உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். பிடியரிசி. காய்ச்சல் நாளிலும் விடமாட்டாள். மாதக் கடைசியில் கோயிலுக்குப் போகும். ஒடிசாவுக்குப் போன என் சிநேகிதனின் ரயில் டிக்கெட்டில் அந்தப் பிடி இருந்தது.

உங்களுக்கு அழைப்பு இருந்தால் போங்கள் தம்பி, நானே வழியனுப்ப வருகிறேன். அலுவலக மேஜை வெறுமையாக இருக்கிறதே என்பதற்காக மட்டும் போகாதீர்கள். அங்கேயும் மேஜை உண்டு, அங்கேயும் பில் உண்டு.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

பவனியில் அவர் எனக்கு முன்னால் நடந்தார், பதினோராயிரம்காரர். கையில் குருத்தோலைச் சிலுவை. ஓசன்னா பாடினோம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைக் காலர் கிழிந்து உள்பக்கம் திருப்பித் தைத்திருந்தது. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

மார்ச் 27

லேத் பட்டறை பில்லை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனதாக எழுதியிருக்கிறீர்கள். நாலு பில்லில் இரண்டுக்கு இந்த வாரமே பணம் போகிறது என்று வாசித்ததும் சத்தமாக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டேன், கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மீதி இரண்டுக்குத் திட்டு வாங்கினீர்களே, அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அடுத்த மாதம் மறுபடி எடுத்து வையுங்கள்.

மார்ச் 28, பெரிய வியாழன், ராத்திரி

ஆராதனை முடிந்து வந்து குடும்ப ஜெபம். அந்த வரியைச் சொன்னேன். முழுதாகச் சொன்னேன். மனைவி கண்ணைத் திறந்து பார்த்தாள். மனசுக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், பதினோராயிரம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்று ஒருவர் நடுவில் நின்று சொல்லுகிற மாதிரி இருந்தது. சரி என்றேன்.

ஏப்ரல் 1, திங்கள்

நேற்று ஈஸ்டர். காலை நாலரை மணி ஆராதனை, அப்புறம் நாள் முழுக்கத் தூக்கம். இன்றைக்குக் கடை.

பத்து மணிக்கு அவருடைய மகள் வந்தாள், கையில் இருபது ரூபாயை மடித்துப் பிடித்துக்கொண்டு கடைக்கு வெளியிலேயே நின்றாள். டிசம்பருக்கு அப்புறம் அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, அடுத்த ஊர்வரை நடந்து போய்த்தான் சாமான் வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியும். என்னம்மா வேணும் என்றேன். டீத்தூள் சின்னது. கொடுத்தேன். அப்பாவை ராத்திரி வரச் சொல்லு, அண்ணாச்சி கூப்பிட்டாங்கன்னு சொல்லு என்றேன். பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. திட்டுறதுக்கு இல்லம்மா என்று சொல்ல வேண்டியிருந்தது.

ஷட்டர் பாதி இறக்கின பிறகு வந்தார். குனிந்து உள்ளே வந்து, அரிசி மூட்டைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் என்ன பேசுவது என்று யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். உட்கார்ந்தார். வாழை மறுபடி வைத்தீர்களா என்று கேட்டேன். பாதி வைத்திருக்கிறேன் என்றார். கன்றுக்கு என்ன விலை என்று கொஞ்ச நேரம் போனது.

போகும்போது கேட்டார், "அரிசி பத்து கிலோ வேணும் அண்ணாச்சி. எழுதிக்கிடலாமா?"

டப்பாவை வைத்து டேர் அழுத்திப் பருப்பையும் அரை கிலோ நிறுத்தேன். புது நோட்டில் அவர் வீட்டுக்கு ஒரு பக்கம் திறந்தேன். ஏப்ரல் 1, அரிசி 10, துவரம்பருப்பு அரை. முன்பாக்கி என்ற இடத்தில் கோடு போட்டேன். இப்போது பால்பாயிண்டில்தான் எழுதுகிறேன்.